முடிச்சு இருந்த பக்கம்

ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்த அன்று நாராயணபெருமாள் வீட்டு முன்னறையில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யார் சொன்னது எது என்பதில் குழப்பம் வராது.

வாசலுக்கு நேரே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஸ்ரீஜித். நாகர்கோவிலில் பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் பி.ஆர்.ஓ.; கழுத்தில் அட்டை தொங்கியது, சட்டை பாதி நனைந்திருந்தது. அவனுக்குப் பக்கத்து நாற்காலியின் நுனியில் நர்ஸ் ரெஜிஷா, கைக்குட்டையை மடிப்பதும் விரிப்பதுமாக. எதிரே கட்டிலில் வீட்டுக்காரர் நாராயணபெருமாள். காலையில் குலை வெட்டிய வாழைக்கறை அவர் வேட்டியில் காயாமல் இருந்தது. அவர் மகன் அனில்குமார் உட்காரவில்லை. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றான். அடுக்களைப் படியில் அவன் அம்மா முத்துக்கனி. உள்ளறைக் கதவை ஒட்டி, தரையில் விரித்த பாயில், சுவரில் சாய்ந்து அவன் மனைவி அஸ்வதி. டி.வி. மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் நான். பக்கத்து வீடு, ஊரில் மனு எழுத வேண்டியிருந்தால் என்னிடம்தான் வருவார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏதோ எழுதித் தர வேண்டும் என்கிறார்கள் என்று அனில்குமார்தான் போனில் கூப்பிட்டான்.

நடுவிலே டீப்பாயில் ஸ்ரீஜித் கொண்டுவந்த ஆப்பிள் பையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் இருந்தன. வெளியே ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்பு நடந்தது இது. அஸ்வதி அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தொலி உரிக்கிற வேலைக்குப் போகிறவள். ஐந்து மாதம் தாண்டிய வயிறு. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து முந்திரிப் பருப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே பனிக்குடம் உடைந்துவிட்டது. கூட வேலை செய்கிற பெண்கள் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிள்ளை அழாமல் பிறந்தது. முந்தின வருஷமும் அவளுக்கு இப்படியே ஒன்று போயிருந்தது. அது இரண்டாம் மாதம், கட்டி கட்டியாகப் போய்விட்டது, எடுத்து அடக்க ஒன்றும் இல்லை. இந்தத் தடவை டாக்டரம்மா, ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்க நஞ்சுக்கொடியை லேபுக்கு அனுப்ப வேண்டும் என்றார். பிள்ளையை வீட்டுக்காரர்கள் கொண்டுபோகலாம் என்றும் சொன்னார். கொடி லேபுக்கு, பிள்ளை வீட்டுக்கு. பேச்சு அவ்வளவுதான்.

நாராயணபெருமாள் அய்யா வழிக்காரர். அவர்கள் இறந்தவரை எரிப்பதில்லை. வடக்கே முகம் பார்க்க உட்காரவைத்து, திருமண் இட்டு அடக்குவார்கள். ஐந்து மாதப் பிள்ளைக்கும் அதுதான் முறை என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் முத்துக்கனி பிறந்த வீட்டில் இன்னொரு வழக்கம் இருந்தது: அழாத பிள்ளையைக் கட்டிய துணியை அவிழ்க்கக் கூடாது. முகத்தைப் பார்த்துவிட்டால் அதே பிள்ளை அதே வயிற்றுக்குத் திரும்பி வந்து, அதே மாதிரி போகும். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆயா ஒருத்தி வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு பொதியை நாராயணபெருமாள் கையில் கொடுத்தபோது, அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. தலை எந்தப் பக்கம்? ஆயா பாதி நடையில் திரும்பி, முடிச்சு இருக்கிற பக்கம் என்றாள்.

அந்த முடிச்சை மேலே வைத்து, வடக்கே பார்க்க உட்காரவைத்து, முடிச்சின் கீழே திருமண்ணை இட்டு, வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்ட வரப்பை ஒட்டி அவர் அடக்கினார். கூட நின்றவர்களில் நானும் ஒருவன்.

அஸ்வதி அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கத்தில் கிடந்தாள். தெளிந்ததும் அனில்குமாரிடம் கேட்டிருக்கிறாள், பார்த்தீங்களா, யாரை மாதிரி இருந்தது என்று. அவன் பார்த்தேன் என்றிருக்கிறான். பொம்பளப்பிள்ளை, மூக்கு உன் மூக்கு என்றிருக்கிறான். அவள் அதை முத்துக்கனியிடம் சொன்னாள், வேலியோரம் நின்று என் மனைவியிடமும் சொன்னாள். வீட்டுக்கு வந்த பிறகு பால் கட்டி நெஞ்சு கல்லாகிப் போயிருந்தது. பால் வற்றட்டும் என்று முத்துக்கனி தினமும் பிச்சிப்பூ வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டினாள். அந்த அறைக்குள் போனால் கல்யாண வீட்டு மணம் அடித்தது. சாயங்காலம் ஆனால் அஸ்வதி மெல்ல எழுந்து போய் வரப்போரம் ஒரு சிமினி விளக்கு வைத்துவிட்டு வருவாள்.

இனி முன்னறைக்கு வருகிறேன்.

ஸ்ரீஜித் முதலில் உடம்பு எப்படி இருக்கிறது, மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்றெல்லாம் விசாரித்தான். முத்துக்கனி பிரசவ மருந்தாக உள்ளி லேகியம் கொடுப்பதைச் சொன்னாள். பிறகு அவன் தொண்டையைச் செருமி, சின்ன ஒரு மிஸ்டேக் நடந்துபோச்சு என்று ஆரம்பித்தான். தியேட்டரில் இரண்டு பொதி இருந்தது. இரண்டுக்கும் ஒரே துணி. லேபுக்குப் போக வேண்டியது வீட்டுக்கு வந்துவிட்டது, வீட்டுக்கு வர வேண்டியது லேபுக்குப் போய்விட்டது. லேப்காரர்கள் பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். லேப் வேறு கம்பெனி என்பதால் அங்கே ரிக்கார்டு ஆகிவிட்டது. அதுதான் நேரில் வந்தோம் என்றான்.

நாராயணபெருமாளுக்குத்தான் முதலில் விளங்கியது என்று நினைக்கிறேன். அவர் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். திருமண் இட்ட கை.

"அப்போ நான் அங்க இருத்தி வச்சிருக்கது என்னது?" என்றார்.

ஸ்ரீஜித் தரையைப் பார்த்தான். "நஞ்சுக்கொடி, ஐயா."

முத்துக்கனி அடுக்களைப் படியில் இருந்தபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அனில்குமார் சாவியை ஜன்னல் திட்டில் வைத்தான். அஸ்வதி மட்டும் அசையவில்லை. அவள் ஸ்ரீஜித்தையோ மாமனாரையோ பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம், புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பவில்லை. பிறகு அவள் நர்ஸ் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"சிஸ்டர், நீங்க அன்னிக்கு உள்ள நின்னியளா?"

"நின்னேன் அக்கா."

"பிள்ளையப் பாத்தியளா?"

"பாத்தேன்."

"பொண்ணுதானே?"

ரெஜிஷாவின் கைக்குட்டை நின்றது. ஸ்ரீஜித்தைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள். "இல்லக்கா. ஆம்பளப்பிள்ள."

அஸ்வதி தலையை ஆட்டினாள். கடையில் விலை கேட்டவள் பதிலைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. இரண்டு வாரமாக அவள் ஒரு பெண்குழந்தையை நினைத்து விளக்கு வைத்திருந்தாள். அதற்குத் தன்யா என்று பேர்கூட மனதில் வைத்திருந்ததாக அவள் என் மனைவியிடம் சொன்னது எனக்குத் தெரியும். அனில்குமார் ஜன்னலுக்கு வெளியே, மழையில் நனைகிற தன் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கழுத்து வேர்த்திருந்தது.

"எதனால போச்சுன்னு பாக்கத்தான கொடிய அனுப்பணும்னு சொன்னாவ," என்றாள் அவள். "இப்ப அது தெரியுமா?"

இனி தெரியாது என்றான் ஸ்ரீஜித். கொடி மண்ணுக்குள் போய் இத்தனை நாளாகிவிட்டது. டெஸ்ட் பண்ண முடியாது. டாக்டரம்மா ரொம்ப வருத்தப்பட்டார்கள் என்றும் சேர்த்துச் சொன்னான்.

நாராயணபெருமாள் எழுந்துவிட்டார். பேரன் எங்கே இருக்கிறான் என்று கேட்டார். இப்போதே போய் எடுத்து வருவோம் என்று சட்டையைத் தேடினார். ஸ்ரீஜித் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, வந்த விஷயத்துக்கு வந்தான். பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் பத்திரமாக இருக்கிறது. ஆனால் காகிதத்தில் அது ஏற்கனவே வீட்டுக்காரர்களிடம் கொடுத்தாகிவிட்டது. ஒரே பிள்ளையை இரண்டு தடவை கொடுத்ததாக எழுத முடியாது. இவ்வளவு மாதத்துப் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றும் கிடையாது, இறப்புச் சான்றும் கிடையாது. வீட்டுக்காரர்கள் வாங்காவிட்டால் சட்டப்படி அது மஞ்சள் பையில் போக வேண்டிய கழிவு. கழிவு வண்டி காலையில் வரும்.

"வண்டி எங்க கொண்டுபோவும்?" என்று முத்துக்கனி கேட்டாள்.

எரிக்கிற இடத்துக்கு என்று அவன் சொன்னதும் நாராயணபெருமாள் காதில் கையை வைத்தார்.

அதனால், என்றான் ஸ்ரீஜித், ஒரு சின்ன லெட்டர். அன்றைக்கே பிள்ளையைச் சரியாகப் பெற்றுக்கொண்டோம், எங்கள் முறைப்படி அடக்கிவிட்டோம், ஆஸ்பத்திரி மேல் எந்தக் குறையும் இல்லை என்று. லெட்டர் ஆபீஸுக்கு வந்துவிட்டால் பிள்ளையைத் தனியாகக் கைமாற்றிவிடலாம். மாதிரி அவன் போனில் இருந்தது. கையால் எழுதி வீட்டுக்காரர்கள் ஒப்புப் போட்டால் நல்லது, டைப் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நான் கேட்டேன், எழுதித் தராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. அவன் கோபப்படவில்லை. "எனக்க கையில ஒண்ணும் இல்லண்ணே. நான் இந்த வேலைக்கு வந்து ஆறு மாசம்கூட ஆகல. காலையில வண்டி வரும்," என்றான். சொல்லும்போது அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் போனை என் பக்கம் நீட்டினான்.

முத்துக்கனி என்னைப் பார்த்து, எழுதிக் கொடுத்திருவோம் கோலப்பா என்றாள். அடுத்த பிரசவத்துக்கும் அங்கேதானே போகணும், குறைமாசப் பிள்ளையை வைக்கிற பெட்டி இந்தப் பக்கம் வேறு எங்கே இருக்கிறது என்றாள். எல்லாரும் அஸ்வதியைப் பார்த்தார்கள்.

"எழுதுங்க மாமா," என்றாள் என்னிடம். "அவன் வரட்டு."

எழுதினேன். எத்தனையோ பேருக்கு ஓய்வூதியத்துக்கும் பட்டாவுக்கும் எழுதிய அதே கையால், தேதி போட்டு, ஓரம் விட்டு எழுதினேன். அனில்குமார் கையெழுத்துப் போட்டான். பிறகு அஸ்வதி பேனாவை வாங்கித் தன் பேரை எழுதினாள். அவள் விரல் நுனிகளில் அண்டிக் கறை அப்போதும் போகாமல் கறுப்பாக இருந்தது. ஸ்ரீஜித் லெட்டரை மழை படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். ரெஜிஷா வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி ஏதோ சொல்ல வந்தாள். அவன் காரைத் திறந்துகொண்டு நின்றதால் போய்விட்டாள்.

மத்தியானம் நாங்கள் புறப்பட்டோம். தீட்டு கழியாமல் வாசல் தாண்டக் கூடாது, நீ இரு மக்கா, அவன் கொண்டுவருவான் என்று முத்துக்கனி தடுத்துப் பார்த்தாள். அஸ்வதி, "அவிய ஒருக்கா கொண்டுவந்தாச்சுல்லா அத்தே," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். அனில்குமார் ஓட்ட, அவள் பக்கத்தில் இருந்தாள். நான் பின்னால், வாழையிலைச் சருகுக்கு நடுவே, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு. வில்லுக்குறி தாண்டி, பார்வதிபுரம் பாலம் ஏறி இறங்கி, ஆஸ்பத்திரி சேர்ந்தோம்.

ஆஸ்பத்திரியின் முன்வாசலில் பிள்ளையார் சிலைக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது. எங்களைப் பின்பக்கம் வரச் சொன்னார்கள். ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பக்கத்தில், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பைகள் அடுக்கிய கம்பிக் கூண்டுக்கு முன்னால் நின்றோம். லெட்டர் ஆபீஸில் சேர்ந்துவிட்டதா என்று யாரோ யாரிடமோ போனில் கேட்டார்கள். பிறகு ஒரு ஆள் மூடி போட்ட வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்தான். ஒட்டியிருந்த சீட்டைப் பிய்த்து எடுத்திருந்தார்கள். பசைத் தடம் மட்டும் இருந்தது. அனில்குமார் கையை நீட்டினான். அஸ்வதி அவனைத் தாண்டிப் போய் வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் டப்பா அவள் மடியில் இருந்தது. பின்னால் இருந்த எனக்கே லேப் மருந்தின் நெடி கண்ணைக் கரித்தது. திங்கள்நகர் ஜங்ஷனில் வண்டி நின்றபோது அனில்குமார் எதையோ சொன்னான். நீ அழுதுட்டே கெடந்த, அதான், என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

வீட்டில் நாராயணபெருமாள் பழைய குழிக்குப் பக்கத்தில் மழைக்குத் தார்ப்பாய் கட்டி, புதிதாக ஒன்று வெட்டி, தலைப்பாகையோடு காத்து நின்றார். அஸ்வதி டப்பாவை வரப்பில் வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே வெள்ளைத் துணி, அதே மாதிரி முடிச்சு. முத்துக்கனி ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"அவுக்காத மக்கா. பாத்தா திரும்பவும் இப்படியே வந்து போவும் பிள்ள. சொன்னாக் கேளு."

"பாக்காம இருந்து என்னத்த வந்துது அத்தே?" என்றாள் அஸ்வதி. சத்தம் உயரவே இல்லை. "கைய விடுங்க."

முத்துக்கனி விட்டாள். அஸ்வதி எங்களுக்கு முதுகைக் காட்டி, வாழைகளுக்குள் திரும்பி உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்தாள். அவளுடைய முதுகும், மழையில் ஒட்டிய முடியும்தான் எங்களுக்குத் தெரிந்தது. அனில்குமார் ஓரடி முன்னால் வைத்தான், பிறகு நின்றுவிட்டான். அவள் எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. துணியை மறுபடி சுற்றினாள், முகத்தை மட்டும் மூடாமல் விட்டு மாமனாரிடம் கொடுத்தாள். முடிச்சுப் போடவில்லை.

நாராயணபெருமாளுக்குக் கை வழுக்கியது. அவர் அப்போதுதான் ஒன்றைக் கேட்டார், பழைய குழியில் இருப்பதைத் தோண்டி எடுத்து அப்பால் போட்டுவிடட்டுமா, இரண்டும் பக்கத்தில் கிடக்கலாமா என்று.

"எதுக்கு மாமா எடுக்கணும்? அதும் எனக்க உடம்புல உள்ளதுதான். அவனுக்குச் சோறு கொடுத்தது அது. கெடக்கட்டு."

அவர் பிள்ளையை வடக்கே பார்க்க உட்காரவைத்தார். இந்தத் தடவை முகம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. திருமண்ணைத் தொட்டு நெற்றியில் இட்டபோது அய்யா சிவசிவா என்று வாய்க்குள் சொன்னார். அனில்குமார் குழிக்குள் குனிந்து முகத்தைப் பார்க்கவில்லை; மண்ணை மம்மட்டியால் தள்ளாமல் கையால் அள்ளிப் போட்டான்.

மறுநாள் காலையில் அஸ்வதி வேலியைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தாள். பின்னால் கொஞ்சம் தள்ளி அனில்குமாரும் வந்தான். என் மனைவி பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள், அவள் அதைக் கீழே வைத்துவிட்டு, "இனி உள்ளத எழுதுங்க மாமா. கலெக்டருக்கு," என்றாள்.

அதில் உள்ள சிக்கலை நான் சொன்னேன். முதல் கடிதம் அவர்களிடம் இருக்கிறது. எழுதியது அதே கை, கீழே அதே இரண்டு பேர் போட்ட ஒப்பு. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்கள் அதை எடுத்து நீட்டுவார்கள். நேற்று ஒன்றும் இன்று ஒன்றும் சொல்கிறார்கள், காசுக்கு அலைகிறார்கள் என்பார்கள். இந்த மனு எங்கேயும் போய்ச் சேராமல் கிடக்கவும் வாய்ப்புண்டு.

"முதல்ல எழுதினது எதுக்குன்னும் எழுதுங்க. பிள்ளையக் காட்டி எழுதி வாங்கினாவன்னு எழுதுங்க. எழுதின கை உங்க கைதான்னும் போடுங்க."

கடைசியில் என்ன கேட்டு முடிக்க வேண்டும் என்று கேட்டேன். மனு என்றால் ஒன்றை வேண்ட வேண்டும். நஷ்டஈடா, நடவடிக்கையா?

அவள் யோசித்தாள். இதற்கு மட்டும்தான் நேரம் எடுத்தாள்.

"மஞ்சப் பையில போடுகதுக்கு முந்தி பெத்தவகிட்ட ஒரு வார்த்த கேக்கணும். கையில கொடுத்துக் காட்டணும். எத்தன மாசமானாலும் செரி. அத எழுதினாப் போதும்."

அனில்குமார் வாசல்படியில் நின்றபடி, அடுத்த தடவை வாசலில் ஏற்ற மாட்டார்கள் என்று முணுமுணுத்தான். அஸ்வதி திரும்பிப் பார்க்கவில்லை. எழுதி முடித்து நான் வாசித்துக் காட்டினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். காகிதம் டீப்பாயில் கிடந்தது. அவன் உள்ளே வந்து, பேனாவை எடுத்து, அவள் பேருக்குக் கீழே தன் பேரையும் எழுதினான்.

போஸ்ட் ஆபீஸுக்கு மூன்று பேருமாகத்தான் போனோம். ரெஜிஸ்டர் எல்லாம் நிறுத்தியாச்சு, இப்ப ஸ்பீட் போஸ்ட்தான் என்றார் கவுண்டரில் இருந்தவர். சுவரோரம் பசைச் சட்டி வைத்த மேசை இருந்தது. அஸ்வதி காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்து, பசையை விரலால் தொட்டாள். அப்போது அனில்குமார் பக்கத்தில் வந்து நின்றான்.

"நான் சொன்னதையும் இதுல எழுதியிருக்கா?" என்றான். "அந்த மூக்கு காரியம்."

"இல்ல."

"எழுதியிருக்கலாம்."

"அது கலெக்டருக்கு எதுக்கு?" என்றாள் அவள், பசையைத் தடவிக்கொண்டே. "அது இஞ்ச உள்ளது."

அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"யாருக்க மூக்கு அஸ்வதி?"

அவள் உறையின் வாயை மடக்கி, உள்ளங்கையால் ஓரம் ஓரமாக அழுத்தினாள். பசை காய்கிற வரை கையை எடுக்கவில்லை. அவன் தாழ்த்திக் கேட்டும் அது கவுண்டரில் இருந்தவர் காதில் விழுந்திருக்கும்; அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அவள் உறையைக் கம்பிக்குக் கீழே தள்ளினாள். அவர் எடைபோட்டு, வில்லையை ஒட்டி, பின்னால் கிடந்த சாக்குக்குள் போட்டார்.